எட்டுக் கம்பி கொளஞ்சியப்பன்

வாயில் ஒரு கனெக்டரைக் கவ்விக்கொண்டு, பார்வையைப் பரண்மேல் வைத்துக்கொண்டு, கொளஞ்சியப்பன் வயரின் மேல்தோலைச் சீவுகிறார். உள்ளேயிருந்து நான்கு ஜோடிக் கம்பிகள் எட்டிப் பார்க்கின்றன. ஒவ்வொரு ஜோடியும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரிப்பதற்கு முன், கட்டைவிரல் நகத்தால் அந்த முறுக்கின் மேல் ஒருமுறை தடவிப் பார்க்கிறார். பிறகு அடுத்த ஜோடி. அப்போதும் பார்வை பரணில் கிடக்கும் பழைய குக்கர் மீதுதான். வடக்கனந்தலில் மக்காச்சோளம் போட்டுப் பிழைக்கும் கண்ணாயிரத்தின் வீடு அது. புதிதாக நெட் இழுக்கிறார்கள். கண்ணாயிரம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டார்.

“இன்னாப்பா, வேலையப் பாக்காம மேல பாத்துக்கினு இருக்கற?”

“கை பாத்துக்கினு இருக்குதுங்க” என்றார் கொளஞ்சியப்பன், கனெக்டரைக் கடித்த பல்லோடு.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இளஞ்செழியன் என்பவர் நடத்தும் சின்ன நெட் கம்பெனியில் அவருக்கு வேலை. வயது நாற்பதைத் தொட்டிருக்கும். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் கரும்புக்காட்டில் கூலிக்குப் போனவர்கள். இவர் கையில் அரிவாளுக்குப் பதில் கிரிம்பர் வந்து சேர்ந்தது. பார்ப்பதற்குக் குறடு மாதிரி இருக்கும். கனெக்டர் என்பது சுண்டுவிரல் நுனியளவு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அதற்குள் எட்டுப் பள்ளம். எட்டுக் கம்பியையும் வரிசை மாறாமல் அதில் நுழைத்து, கிரிம்பரில் வைத்து ஒரு அழுத்து. ‘கடக்’ என்று சத்தம் கேட்டால் வேலை முடிந்தது. ஒரே ஒரு கம்பி இடம் மாறினாலும் வீட்டில் நெட் வராது, பிள்ளைகள் அப்பனைத் தின்றுவிடும்.

இந்தப் பக்கத்தில் வயருக்கு எதிரிகள் ஜாஸ்தி. கரும்பு ஏற்றிய டிராக்டர் தெருவைக் கடக்கும்போது குறுக்கே போகும் வயரையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். சோளம் கொட்டி வைத்த அறையில் எலி கடிக்கும். மலைக்குப் போனால் குரங்கு ஊஞ்சல் கட்டும். அத்தனைக்கும் பிறகு வயர் அறுந்தாலும் அறுமே தவிர, கொளஞ்சியப்பன் போட்ட கனெக்டரிலிருந்து கழன்று வராது. வயரின் மேல்தோல் கனெக்டருக்கு உள்ளே வரை போய், கவ்வலுக்கு அடியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். வெளியே கம்பி தெரிகிற மாதிரி யாராவது போட்டிருந்தால், “இன்னாங்க இது, ஜட்டி இல்லாம நிக்குது” என்று சொல்லி வெட்டி எறிந்துவிடுவார். பெண்கள் இருக்கும் வீடென்றால் இதையே கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்.

வேறு சில விசித்திரங்களும் அவரிடம் உண்டு. வயரின் ஒரு முனையை அவர் போட்டால் மறுமுனையையும் அவரேதான் போட வேண்டும். கூட வேலை பார்க்கும் தனசேகரன், “அந்தப் பக்கம் நான் பண்றேண்ணா” என்றால் விட மாட்டார். கம்பெனியில் இதைத் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்று, போனில் யாராவது கூப்பிட்டு “பெட்டில செவப்பு லைட்டு எரியுதுங்க” என்று சொன்னால், “கலரை வுடுங்க, இடது பக்கத்துலேந்து எத்தினியாவது லைட்டு, அதச் சொல்லுங்க” என்பார். அவருடைய ஸ்டைலே தனி என்று வாடிக்கையாளர்களும் பழகிக்கொண்டார்கள்.

அது ஸ்டைல் இல்லை. கொளஞ்சியப்பனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. வயருக்குள் இருக்கும் நான்கு நிறங்களில் நீலம் மட்டும்தான் அவருக்கு நீலம். ஆரஞ்சு, பச்சை, பிரவுன் மூன்றும் ஒரே மண்ணில் பிசைந்தது போலத்தான் இருக்கும்.

இருபத்திரண்டு வயதில் ரயில்வே வேலைக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டம் எல்லாம் தாண்டிப் போனவர், கடைசியில் புள்ளிப் புள்ளியாக எண் ஒளித்து வைத்த புத்தகத்தின் முன்னால் மாட்டிக்கொண்டார். டாக்டர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். இவருக்கு எண்ணே தெரியவில்லை, புள்ளிகள்தான் தெரிந்தன. வீட்டுக்கு வந்து ஓட்டத்தில் தோற்றுவிட்டதாகச் சொன்னார். பின்னால் கட்டிக்கொண்ட மனைவி நிர்மலாவுக்கும் அந்தக் கதைதான். ஓட்டத்தில் தோற்றவனுக்கு ஊரில் மன்னிப்பு உண்டு, கண்ணில் குறை என்றால் ஆயுசுக்கும் ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார். அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள், நிறம் பார்த்துக் கம்பி அடுக்குகிற தொழில்.

முதல் சில மாதம் இரண்டு முனையையும் அவரே போட்டார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குத்துமதிப்பாக அடுக்கினார், அதிர்ஷ்டத்தில் பாதி ஓடியது, மீதியைத் திரும்பத் திரும்ப வெட்டிப் பொருத்தினார். பிறகு ஒருநாள் வீட்டில் ஒரு முழம் வயரை வைத்துக்கொண்டு நோண்டியபோது அவர் விரலுக்கு ஒன்று அகப்பட்டது. நான்கு ஜோடியும் ஒரே அளவில் முறுக்கப்பட்டவை அல்ல. ஒன்றின் பேச்சு இன்னொன்றில் கலக்காமல் இருக்க, ஒவ்வொரு ஜோடியையும் வேறு வேறு நெருக்கத்தில் முறுக்கியிருக்கிறார்கள். அந்த வயரில் பச்சை நெருக்கம், பிரவுன் தளர்வு, ஆரஞ்சு நடுவில். நிறத்தைக் கண் சொல்லாவிட்டால் நகம் சொல்லிவிட்டுப் போகிறது! வேறு கம்பெனி வயர்ச்சுருள் வந்தால் முறுக்கும் மாறும் என்பதால், அதில் தனசேகரன் கனெக்டர் போட்ட துண்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துத் தடவிப் பழகிக்கொள்வார். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. யாரிடமும் அவர் சொல்லவும் இல்லை. எத்தனை வருடம் இப்படி ஒரு மனிதர் தன் விரல்களை மட்டும் நம்பி ஊர் ஊராக நெட் கொடுத்தார் என்று நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

போன ஐப்பசியில் மலையில் ஒரு வேலை வந்தது. வெள்ளிமலையில் சின்னப்பொண்ணு என்ற அம்மாளின் வீடு. அவர் மகள் அபிநயா சென்னையில் விடுதியில் தங்கி ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்திருந்தாள். மறுநாள் காலை வேலை தொடங்க வேண்டும், நெட் இல்லையென்றால் அவள் விடுதிக்கே திரும்ப வேண்டியதுதான். பொங்கலுக்கே தனசேகரன் இழுத்துக் கொடுத்த இணைப்பு அது. வீட்டுக்கு வண்ணம் அடிக்க வந்தவர் சுவரோரம் தொங்கிய கனெக்டரை வெட்டிப் போட்டுவிட்டார்.

அன்று ஜீப்பில் முதலாளி இளஞ்செழியனும் கூட வந்தார். வளைவுக்கு வளைவு மழை. பாதி வழியில் அவர் சொன்னார்: “மலையில இனிமே நம்ம லைன் ஜாஸ்தியாவப் போவுது கொளஞ்சி. மொத்தத்தையும் உன் பொறுப்புல வுட்டுடலாம்னு இருக்கறேன். இன்னா சொல்ற?”

கொளஞ்சியப்பனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். “சரிங்க சார்” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குள் போய் வயரைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் இறங்கிவிட்டது. சுவரில் பதித்த குழாயிலிருந்து வயர் ஒரு விரலளவுதான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குழாய் வாயைச் சிமெண்டால் பூசியிருந்தார்கள், இழுத்தால் வராது. அதைவிட மோசம், வண்ணக்காரர் பொழுது போகாமல் எட்டுக் கம்பியையும் முறுக்கு நீக்கி, விசிறி மாதிரி பிரித்து விட்டிருந்தார். நகத்துக்கு அங்கே வேலையே இல்லை. மறுமுனை வாசலில் நிற்கும் இரும்புக் கம்பத்தின் உச்சியில், சிக்னல் வாங்கும் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. இந்த மழையில் அதில் ஏறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

ஒரு தடவைதான் வெட்டிப் பொருத்த நீளம் இருந்தது. தப்பினால் இன்னொரு தடவைக்கு வயர் இல்லை. மேலே இருக்கும் பெட்டிக்கு மின்சாரமும் இதே கம்பிகளில்தான் போகிறது. பச்சையும் பிரவுனும் இடம் மாறினால் பெட்டியே புகைந்துவிடலாம்.

“இருட்டா இருக்குதா?” என்று இளஞ்செழியன் தன் போனில் டார்ச் அடித்தார். வெளிச்சத்தில் எட்டுக் கம்பியும் பளிச்சென்று தெரிந்தன. தெரிந்து என்ன செய்ய?

சொல்வதற்குப் பொய்யா இல்லை? கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்லலாம். கண்ணில் சிமெண்டு தூசி விழுந்துவிட்டது என்று கசக்கிக்கொண்டு, “நீங்க ஒரு கை பாருங்க சார்” என்று நழுவலாம். இன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் நாளைக்கு மலை முழுக்க அவர் பொறுப்பு. ஒவ்வொரு வீட்டிலும் தூசி விழுமா? உண்மையைச் சொன்னாலோ, ரயில்வே டாக்டர் புத்தகத்தை மூடின மாதிரி முதலாளியும் மூடிவிடுவார். மலையும் போகும், இருக்கிற வேலையும் போகும்.

“ஆயிடுமாண்ணா?” என்று அபிநயா கேட்டாள். அவளுக்குப் பின்னால், வந்த நாளிலிருந்து பிரிக்காத துணிப்பை அப்படியே இருந்தது.

கொளஞ்சியப்பன் கிரிம்பரைக் கீழே வைத்தார். எட்டுக் கம்பியையும் விரலால் ஒதுக்கிவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

“பாப்பா, இங்க வா. இதுல பச்சை எதுன்னு காட்டு. எனக்குத் தெரியாது.”

“இன்னாது?” என்றார் இளஞ்செழியன்.

“எனக்குப் பச்சையும் தெரியாது, பிரவுனும் தெரியாது சார். பொறந்ததுலேந்தே அப்டித்தான்.” திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

அபிநயா குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். இது பச்சை, இது வெள்ளையில பச்சைக் கோடு, இது பிரவுன். அவள் சொல்லச் சொல்ல அவர் அடுக்கினார். அதற்குப் பிறகு அவர் கையில் தயக்கமே இல்லை. நுனிகளை ஒரே மட்டமாக நறுக்கி, கனெக்டருக்குள் செலுத்தி, முன்பக்கமாகத் திருப்பி எட்டும் முட்டி நிற்கிறதா என்று பார்த்து, மேல்தோலையும் உள்ளே தள்ளி, ஒரே அழுத்து. வீட்டுக்குள் இருந்த நெட் பெட்டியில் வரிசையாக விளக்குகள் வந்தன. அபிநயா மடிக்கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, “அம்மா, வந்துடுச்சு!” என்று கத்திக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள்.

இளஞ்செழியன் வாசற்படியில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொளஞ்சியப்பன் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றார். பையைத் தோளில் மாட்டவில்லை, கையிலேயே பிடித்திருந்தார்.

“இத்தினி வருசம் எங்கிட்ட ஏன்யா சொல்லல?”

“சொன்னா வேலைக்கு வேணாம்னுடுவீங்கன்னு நெனச்சேன் சார்.”

“வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார் இளஞ்செழியன். “நல்லவேளை சொல்லல. உன்ன மாதிரி கனெக்டர் போடுறவன் எனக்கு எங்க கெடைப்பான்?”

கொளஞ்சியப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

“மலை உன்துதான், அதுல மாத்தமில்ல. இந்த மாதிரி சிக்கல் வந்தா வீடியோ கால் போடு. கம்பியக் காட்டு, நான் கலரு சொல்றேன்.”

“மலையில நெட்டு இருந்தா நம்மள எதுக்கு சார் கூப்புடப் போறாங்க?”

இளஞ்செழியன் வாய்விட்டுச் சிரித்தார். “அதுவும் சரிதான். அப்ப தனசேகரனையும் கூட்டிக்கினு வா” என்றார். உள்ளேயிருந்து சின்னப்பொண்ணும் மகளும் எட்டிப் பார்த்தார்கள். கொளஞ்சியப்பனும் சிரித்தார். பிறகு மார்பின் மேல் சட்டையை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டினார்.

“சார், இந்தச் சட்டை இன்னா கலரு?”

“ஏன்யா?”

“கல்யாண நாளுக்கு நிர்மலா எடுத்துக் குடுத்தது. நல்லா இருக்குதான்னு கேட்டா. நல்லா இருக்குதுன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லத் தெரியல.”

இளஞ்செழியன் ஓர் அடி பின்னால் நகர்ந்து, அவரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

“கிளிப்பச்சை. பளிச்சுனு இருக்குதுய்யா.”

கொளஞ்சியப்பன் தலையைக் குனிந்து சட்டையைப் பார்த்தார். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, முன்பக்கத்தை இரண்டு கையாலும் நீவி, கழன்றிருந்த மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார்.