பதிலுக்கு உட்கார்ந்தவர்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துக்கு ரயில் வந்து இரண்டொரு வருஷம் ஆகியிருந்த சமயம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பை முடித்த கையோடு, நந்திதுர்க் பக்கம் ஒரு சுரங்கத்தில் டிக்கெட் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். ஷிப்டுக்கு இறங்குகிறவர்களுக்கு எண் அடித்த தகர வில்லை கொடுப்பதும், ஏறி வந்ததும் திரும்ப வாங்குவதும் என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் வீடுகளுக்கு நடுவிலிருந்த ஜெபக்கூடத்தில், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவேன். பழைய ஏற்பாட்டில் ஒரு பகுதி, புதிய ஏற்பாட்டில் ஒரு பகுதி. யாராவது கேள்வி கேட்டால் எனக்குக் குஷி. கேட்காவிட்டால் நானே கேட்டு நானே பதிலும் சொல்லிவிடுவேன்.

தங்கம் கிடைக்கிற ஊரில் ஒருவரை ஒருவர் நம்புவது சுலபமில்லை. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி வருகிற ஒவ்வொருவரையும் சோதனைக் கொட்டகையில் நிறுத்தி, வேட்டியை உதறி, வாயைத் திறக்கச் சொல்லி, சோற்றுத் தூக்கைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். தினமும் அப்படிப் பார்க்கப்படுகிறவர்களுக்கு மற்றவர்களையும் அதே கண்ணால் பார்க்கிற பழக்கம் வந்துவிடும். யாரும் சோதிக்காத எனக்கே வந்துவிட்டது.

வகுப்பில் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். பேத்தமங்களா பக்கத்து ஆள். முன்பு வேறொரு சுரங்கத்தில் இருந்தவர், அங்கிருந்து ஏன் வந்தார் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். பாட்டு வரும்போது வாயசைப்பார், சத்தம் வராது. ஒன்று பொன் கலந்த கல் கடத்துகிற ஆள், இல்லை கம்பெனிக்கு உளவு சொல்கிற ஆள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். உள்ளே மரம் கொடுத்துப் பாறையைத் தாங்க வைக்கிற வேலை பார்த்த ஒரு அண்ணன் மட்டும் அவரைச் சேர்த்துக்கொண்டார். இருவரும் உள்ளே ஒரே ஆழத்து லெவலில் வேலை செய்தார்கள், ஒரே தூக்கில் சாப்பிட்டார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் பகல் ஷிப்டு முடிந்து ஏறி வந்தபோது, அந்த அண்ணனின் தூக்கில், சோற்றுக்கு அடியில் ஒரு கல் கிடந்தது. காவல்காரர் அதைத் துடைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாப்பா, வேதம் கேக்கறவங்க தூக்குல கல்லு மொளைக்குதா?”

அண்ணன் முகம் வெளுத்துப்போனது. அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பாலிருந்து அவருடைய பக்கத்து வீட்டு அம்மாள் கத்தினாள்: “சீக்கிரம் வாப்பா, உன் பொண்டாட்டிக்கு வலி கண்டுடுச்சு. மருத்துவச்சியே பயப்படுது.” ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அண்ணனின் மனைவி.

எங்கள் சுரங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கல்லோடு அகப்பட்டவன் துரை வந்து பார்க்கும்வரை கொட்டகையை விட்டு நகரக்கூடாது. அவசரமென்றால் அவனுக்குப் பதிலாக இன்னொருவன் உட்காரலாம். ஆனால் கல்லில் தங்கம் இருந்துவிட்டால், குற்றம் உட்கார்ந்தவன் தலையில்தான். அதனால் யாருக்காகவும் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்றும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

புது ஆள் முன்னால் வந்தார். “அண்ணன் போவட்டும். நான் குந்திக்கிறேன்.”

“பொன்னு இருந்தா உன் பேருதான் அடிபடும், தெரியுமில்ல?” என்றார் காவல்காரர்.

“தெரியும்.”

அண்ணன் அவர் கையை ஒரு முறை பிடித்துவிட்டு ஓடினார். ‘புது ஆள் அகப்பட்டுக்கொண்டார்’ என்றுதான் எனக்குத் தோன்றியது. கல்லை வைத்தவர் இவராகத்தான் இருக்கும், இப்போது மனசாட்சி குத்துகிறது. வேறெதற்காக ஒருவன் இப்படி வந்து உட்காருவான்? வில்லைகளை எண்ணுகிற சாக்கில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

துரை வந்தார். கல்லில் பொன் ரேகை ஓடியிருந்தது. சாயங்கால ரயிலிலேயே புது ஆளை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தங்கவயலில் இனி எந்தச் சுரங்கமும் அவரைச் சேர்க்காது. ரயில் போன பிறகு செய்தி வந்தது: பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம்.

அடுத்த ஞாயிறு, வரிசைப்படி வந்த பகுதி யோசேப்பின் கதை. கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கிலிருந்து வெள்ளிப் பாத்திரம் எடுக்கப்படுகிற இடம். நான் தயங்கியதும் முன்வரிசையில் ஒருவர், “இந்தப் பகுதிய வேணும்னே எடுத்தியா தம்பி?” என்றார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

வாசித்தேன். பென்யமீனின் அண்ணன்களில் ஒருவனான யூதா முன்னால் வந்து, தம்பி போகட்டும், அவனுக்குப் பதிலாக நான் இருக்கிறேன் என்று கெஞ்சுகிறான். எத்தனையோ முறை வாசித்த இடம். ஆனால் ஒரு காலத்தில் யோசேப்பை விற்கச் சொன்னவனும் இதே யூதாதான் என்பது அன்றுதான் உறைத்தது. பிறகு புதிய ஏற்பாட்டைத் திறந்தேன். யூதாவின் வம்சத்தில் வந்தவர், ஒரு பாவமும் அறியாதவர், பிறருக்குப் பதிலாகச் சிலுவையை ஏற்று நிற்கிறார். குற்றமுள்ளவன் ஒருவன், குற்றமற்றவர் ஒருவர். இருவரும் வந்து நின்றது ஒரே இடத்தில்.

வழக்கம்போல நானே கேள்வியும் கேட்டேன்: “பதிலுக்கு உக்காந்த நம்ம ஆள் இதுல யாரைப் போல?”

குழந்தையோடு வந்திருந்த அண்ணன் சொன்னார்: “யாரா இருந்தா இன்னா தம்பி? அந்நேரம் அவ கையப் புடிச்சினு நான் பக்கத்துல இருந்தேன்.”

புத்தகத்தை மூடிவிட்டேன்.

கல்லை வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. என் சந்தேகமும் முழுசாகப் போகவில்லை. ஆனால் சீஷனாக நடப்பதென்றால் என்ன என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வருகிறது. முன்பெல்லாம் வேதத்தின் இரண்டு பாகங்களையும், யார் குற்றவாளி என்று தேடி, காவல்காரர் கல்லைத் திருப்பிப் பார்ப்பதுபோல் வாசிப்பேன். இப்போது, வேறொருவர் உட்கார்ந்ததால் வீட்டுக்கு ஓட விடப்பட்டவனின் இடத்திலிருந்து வாசிக்கிறேன்.