எஸ்தரின் கல்யாணமும் பாலாற்று முகாமும்

இந்தத் தை மாதம் ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு பயணங்கள் வாய்த்தன. ஒன்று மைசூருக்கு, சிநேகிதியின் கல்யாணத்துக்கு. மற்றது பாலாற்றுக் காட்டுக்கு, பள்ளிப் பெண்களை அழைத்துக்கொண்டு. இரண்டையும் பற்றிச் சிலர் விசாரித்து எழுதியிருப்பதால் சேர்த்தே எழுதிவிடுகிறேன். பிரித்து எழுதவும் எனக்குத் தெரியவில்லை.

நான் கொள்ளேகாலில் பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். எஸ்தருக்கு மைசூரில் ஒரு பள்ளியில் அதே வேலை. மூன்று வருஷமாக இரண்டு பள்ளிப் பெண்களையும் சேர்த்து, நாங்கள் இருவரும் பாலாற்றங்கரையில் முகாம் போட்டு வந்தோம். ராமாபுரத்துக்காரரான பழனிசாமி மைசூரில் கல்லூரி ஆசிரியர். ஊர் பக்கத்தில் என்பதால் முகாமுக்கு வந்து பெண்களுக்குப் பறவைகளைக் காட்டுவார். அவருக்கும் எஸ்தருக்கும் கல்யாணம். அவள் கிறிஸ்தவப் பெண், அவர் இந்து. யாரும் மதம் மாறவில்லை. காலையில் மைசூரில் சர்ச், மதியத்துக்குள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆற்றங்கரைச் சத்திரம் என்று முடிவானது. கல்யாணமான கையோடு அவருக்குச் சிவமொக்காவில் வேலை. அதனால் இந்த வருஷ முகாமுக்கு நான் மட்டும்.

கொள்ளேகாலிலிருந்து மைசூர் நாற்பது மைலுக்குக் கிட்ட. காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் ஒன்பதுக்குள் இறங்கிவிடலாம். டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். நரசிபுரத்தில் காபிக்கு நிறுத்துவார்கள். இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், ஊர் நெருங்கும்போது சாமுண்டி மலை கூடவே வரும். நான் கல்யாணத்துக்கு முதல் நாளே போய்விட்டேன். சாயங்காலம் எஸ்தர் என் தலையைப் பின்னிவிட்டாள். கல்யாணப் பெண் அவளா நானா என்று அவள் சித்தி சிரித்தாள்.

மறுநாள் சர்ச் வாசலில் ஒரு சிக்கல். பழனிசாமியின் அம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர் உள்ளே வரவில்லை. கோபம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உள்ள போலாங்களா அத்தை?"

"அங்க வந்து நான் என்ன சொல்லோணும்னு தெரியல கண்ணு. எல்லாரும் ஒண்ணாப் படிக்கிறாங்க. நான் வாயத் தொறக்காம இருந்தா, புடிக்காம உக்காந்திருக்கறான்னு நெனைப்பாங்க."

"ஒண்ணும் சொல்ல வேண்டாங்க. நானும் சொல்லப் போறதில்ல. சும்மா உக்காந்திருக்கலாம்."

என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உள்ளே பெஞ்சு இருந்தும் தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். போதகர் எங்களைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நிறுத்தி, பிறகு தொடர்ந்தார். தாலி கட்டும்போது அந்த அம்மாள் கைகூப்பினார்.

ஸ்ரீரங்கப்பட்டணம் மைசூரிலிருந்து பத்து மைல். ஒரு பஸ்ஸை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அங்கேதான் எனக்குப் பயம். எஸ்தரின் அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அதிகம் பேசாதவர். சர்ச்சோடு தன் கடமை தீர்ந்தது, சத்திரத்தில் ஒரு ஓரமாக இருப்பேன் என்று மகளிடம் முன்பே சொல்லிவிட்டார். பெண்ணின் கையைப் பிடித்து நீர் வார்த்துக் கொடுக்க அவள் மாமா ஒருவரை நிற்கச் சொல்லியிருந்தார்கள். அம்மா இல்லாத பெண். மணையில் உட்கார்ந்ததிலிருந்து எஸ்தர் தலை நிமிரவேயில்லை.

நீர் வார்க்கும் நேரம் வந்தது. மாமா எழுந்தார். அதற்குள் படித்துறைப் பக்கம் நின்றிருந்த அப்பா ஷூவைக் கழற்றி, சாக்ஸையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, வெறுங்காலோடு பந்தலுக்குள் வந்தார். புரோகிதரிடம் கன்னடத்தில், "எல்லி நிந்த்கொள்ளலி?" என்று கேட்டார். எங்கே நிற்க வேண்டும் என்று அவர் காட்டினார். அப்பா அங்கே போய் நின்று மகளின் கையை எடுத்தார். அவர் வார்த்ததில் பாதித் தண்ணீர் பக்கத்தில் நின்ற என் புடவையில்தான் விழுந்தது. எஸ்தர் அப்போதுதான் அழுதாள்.

எனக்கும் அழுகை வந்தது. எல்லாம் நல்லபடியாக நடந்துவிட்ட சந்தோஷம் பாதி. இவள் போய்விடுவாள் என்பது மீதி.

இரண்டு நாள் கழித்துப் பெண்களோடு கிளம்பினேன். கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக ராமாபுரம் வரை பஸ். அதற்கு மேல் மூங்கில் ஏற்றப் போகும் லாரியில் இடம் பேசிக்கொள்ள வேண்டும். தை மாதத்தில் பாலாறு பல இடங்களில் கணுக்காலளவுதான். மணல் மெத்தென்று இருக்கும். கூடாரத்தைக் கரையிலிருந்து தள்ளி மேட்டில் போட்டோம். காட்டிலாகா வாட்சர் ஒருவர் காவலுக்கு இருந்தார்.

முகாமில் பாட்டு சொல்லித் தருவது எஸ்தர், சமையல் பார்ப்பது நான். இந்த முறை பாட்டும் நானே. பெண்கள் மரியாதைக்குப் பாடினார்கள். "எஸ்தர் டீச்சர் இருந்தா இந்த எடத்துல கையத் தட்டுவாங்க" என்று அவர்களில் ராஜம்மா என்பவள் சொன்னாள். தட்டினேன். தாளம் தப்பியது.

இரண்டாம் நாள் பொழுது சாயும் நேரம், பெண்கள் ஆற்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அக்கரை மூங்கில் புதர் அசைந்தது. முதலில் ஒரு யானை, பிறகு குட்டியோடு இன்னும் நான்கு. நடுவில் ஒரு கல்லெறி தூரம்தான் ஆறு. எஸ்தர் இப்படிப்பட்ட சமயங்களில் கத்தமாட்டாள், கையை உயர்த்துவாள். நான் கையை உயர்த்தினேன். ராஜம்மா பார்த்தாள், பக்கத்துப் பெண்ணைத் தொட்டாள், அவள் அடுத்தவளை. பாத்திரங்களை அப்படியே மணலில் விட்டுவிட்டு, கை கோத்து வரிசையாகப் பின்னால் நடந்து மேட்டுக்கு வந்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. மேலேயிருந்து எல்லோரும் பார்த்தோம். ஆற்றைக் கடந்து இக்கரைக்கு வந்த குட்டி எங்கள் சாதத் தவலையை உருட்டி விளையாடிற்று.

"பாத்தியா எஸ்தர்" என்று பக்கத்தில் திரும்பினேன். வாட்சர் நின்றிருந்தார். "ஏனம்மா?" என்றார், என்னம்மா என்று கன்னடத்தில். ஒன்றுமில்லை என்றேன்.

முகாம் போட நினைப்பவர்களுக்கு: காட்டிலாகா அனுமதியை முன்னதாகவே எழுத்தில் வாங்குங்கள். வெள்ளைத் துணியும் கண்ணைப் பறிக்கும் துணியும் வேண்டாம். ஆற்று வேலையெல்லாம் நான்கு மணிக்குள் முடியட்டும், நாங்கள் தாமதித்தது தவறு. எத்தனை தைரியசாலியானாலும் தனியாகப் பெண்களை அழைத்துப் போகாதீர்கள். கூட இன்னொரு டீச்சர் வேண்டும். பாதுகாப்புக்கு மட்டுமல்ல, பார்த்ததைப் பேசிக்கொள்ளவும்.

இரவல் வாங்கிய கூடாரங்களைத் திருப்பிக் கொடுக்க அடுத்த வாரம் மறுபடி மைசூர் போனேன். எஸ்தர் வீட்டில் பெட்டிகள் கட்டியாயிற்று. மாமியார் உப்புமா கிளறிக்கொண்டே, "இவ உங்க காட்டுப் பேச்சேதான் தெனமும்" என்றார். யானைக் கதையை எஸ்தர் இரண்டு தரம் சொல்லச் சொன்னாள். குட்டி எந்தக் காலால் உருட்டியது என்றுகூடக் கேட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப வந்தவள், பஸ் கிளம்பும் நேரத்தில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கடி வர்ற?"

"வருணா வரைக்கும் கணே. அங்க எறங்கி வந்துடறேன்."

'டி' என்பதற்கு அவள் கன்னடத்தில் 'கணே' என்பாள். கண்டக்டரிடம் கன்னடத்தில் ஒரு வருணா டிக்கெட் கேட்டு வாங்கினாள். வருணா வழியில் சில மைலிலேயே வந்துவிடும் ஊர், அதுவரை வழியெல்லாம் பேசினோம். அடுத்த தைக்கு எப்படியும் வருவேன் என்றாள். சிவமொக்காவிலிருந்து அது நடக்கிற காரியமில்லை என்று இருவருக்கும் தெரியும். சரி என்றேன்.

வருணாவில் இறங்கி ரோட்டோரம் நின்றாள். மைசூருக்குத் திரும்பும் பஸ் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். என் கண்ணுக்குத் தெரிந்தவரை அவள் ரோட்டைத் தாண்டவில்லை.