மூன்று நீல மீட்டர்கள்

மின்விசிறி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவள் அவள். தொழிற்சாலையை இழுத்து மூடிய மறுவாரமே, ஒரு மெக்கானிக் ஷெட்டின் மூலையில் மேஜை போட்டு, கார்களுக்கு வயரிங் வேலை செய்ய உட்கார்ந்துவிட்டாள். முதல் மாதம் ஈ ஓட்டினாள். பிறகு நாலு பேர் பார்த்துக் கைவிட்ட ஒரு லாரி வந்தது. ஃபியூஸ் போட்டால் போட்ட வேகத்தில் எரிந்தது. கதவுக் கீலுக்குள் நசுங்கிக் கிடந்த ஒற்றை ஒயரை அவள் உருவி எடுத்துக் காட்டினாள். அன்றிலிருந்து அந்த வட்டாரத்துக்கே அவள் ஒயரக்கா.

வீட்டுக்காரருக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. அவர் டாக்சி ஓட்டினார். அந்தப் பழைய காரைக் கண்ணில் வைத்துக் காத்தார், ஆனால் பெண்டாட்டி கையில் கொடுக்க மாட்டார். சொந்தக்காரங்களிடம் வேலை கொடுத்தால் வேலையும் கெடும், சொந்தமும் கெடும் என்பது அவர் கட்சி.

ஒரு தடவை நெடுஞ்சாலையில் இன்ஜின் சூடேறிக் கார் நின்றுபோனது. அந்தப் பயத்தில் ஆயில், சூடு, பேட்டரி மூன்றுக்கும் தனித்தனியாக நீல விளக்கு எரியும் மீட்டர்கள் வாங்கி, கூட்டாளி ஒருவரை வைத்து மாட்டிக்கொண்டார். அவளும் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை அந்தி சாயும் நேரம், இருவரும் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் மங்கியதும் அவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, பழகிய கையோடு மீட்டர்கள் மேல் போர்த்தினார்.

"என்னங்க, துணி காயப்போடுறீங்களா?"

"கண்ணு கூசுது. கண்ணாடியில வேற தெரியுது."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி.

அவள் கைக்குட்டையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போலிருந்தது. தங்கச்சி வீட்டில் இந்தக் கதை வெளியே வந்ததும், வைத்தியர் வீட்டில்தான் தீராத காய்ச்சல் என்று தங்கச்சி புருஷன் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் காலையில் கார் சாவி தானாகவே அவள் மேஜைக்கு வந்தது.

அந்தக் காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன டிம்மர் சக்கரம் உண்டு. அதை உருட்டினால் டேஷ்போர்டு விளக்குகள் ஏறும், இறங்கும். புது மீட்டர்களின் விளக்கு ஒயர் அங்கே போகாமல் நேராகச் சாவியிலிருந்து வந்தது. பட்டப்பகலிலும் முழு வெளிச்சத்தில் எரிந்ததற்கு அதுதான் காரணம். பார்க் லைட் போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயரை டெஸ்ட் லைட்டால் தேடிப் பிடித்து, அதில் மூன்றையும் இணைத்தாள். இப்போது பார்க் லைட் போட்டால் எரிந்தன, அணைத்தால் அணைந்தன. ஆனால் சக்கரத்தை உருட்டினால் பழைய விளக்குகள்தான் மங்கின. நீல விளக்குகள் மூன்றும் அசையவே இல்லை.

கதவில் சாய்ந்து நின்ற வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். கூட்டாளியைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

"அந்த டார்ச்சைக் கொஞ்சம் ஆட்டாம பிடிங்க, போதும்."

மல்லாந்து படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தாள். சக்கரத்தை எவ்வளவு உருட்டினாலும் அந்த ஒயரில் வரும் கரண்ட் குறையவில்லை. அப்படியென்றால் சக்கரம் எதைத்தான் குறைக்கிறது? அதைக் கழற்றி ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தபோதுதான் சங்கதி பிடிபட்டது. கரண்ட் வருகிற வழியில் அல்ல, திரும்புகிற எர்த் வழியில் சக்கரத்தை வைத்திருந்தார்கள். நீல விளக்குகளின் எர்த்தைக் கூட்டாளி நேராகக் கார் பாடியில் முடுக்கியிருந்தார். அவை சக்கரத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

விளக்குகளின் கறுப்பு ஒயர்களை மட்டும் பாடியிலிருந்து கழற்றி, டிம்மருக்குப் போகும் ஒயரோடு சேர்த்தாள். மீட்டர் முள் நகர்வதற்கான எர்த்தை இருந்த இடத்திலேயே விட்டாள்.

உச்சி வெயிலில் விளக்கு மங்குகிறதா என்று எப்படிப் பார்ப்பது? காரின் மேல் கனத்த போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டு இருவரும் உள்ளே உட்கார்ந்தார்கள். அவள் சக்கரத்தை உருட்டினாள். பழையதும் புதியதும் ஒன்றாகத் தணிந்தன. அவர் கையை நீட்டி ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார்.

"முதல்லயே உங்கிட்ட குடுத்திருக்கணும்" என்றார் மெதுவாக.

அவள் பதில் சொல்வதற்குள் ஷெட்காரர் போர்வையைத் தூக்கி எட்டிப் பார்த்தார். இருட்டில் புருஷனும் பெண்டாட்டியும் நெருங்கி உட்கார்ந்திருப்பதைக் கண்டு, பேசாமல் போர்வையை விட்டுவிட்டு நடையைக் கட்டினார். உள்ளே இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அதன் பிறகு அவர் டாக்சி ஸ்டாண்டில் அந்தச் சக்கரத்தை உருட்டிக் காட்டாத ஆளே இல்லை. ஒவ்வொரு டாக்சியாக அவளிடம் வரத் தொடங்கியது. அடுத்த மாதம் அவரே ஹாரன் கோளாறோடு வந்து, முன்னால் நுழையப் பார்த்தார். வரிசையில் வரச் சொல்லி அவள் கண்ணாலேயே காட்டினாள். பால் வண்டிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றார். அவர் முறை வந்ததும், மற்றவர்களிடம் கேட்பது போலவே கேட்டாள்.

"வண்டிக்கு என்ன பிரச்சினை, சார்?"

"சத்தமே வரலைங்க, மேடம்" என்றார் அவர், கையைக் கட்டிக்கொண்டு.