விலைக்கும் ருசிக்கும் நடுவில் ஒடெத்

நிலவறைப் படிகளில் ஒடெத் எப்போதும் பின்பக்கமாகத்தான் இறங்குவார், ஏணியில் இறங்குகிறவரைப் போல. ஒரு கையில் பிரம்புக் கூடை, பல்லிடுக்கில் சின்ன டார்ச். கீழே போனதும் பாட்டில்களைப் பார்க்க மாட்டார். சுவரில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார், பிறகு மூக்கை வைப்பார். வீட்டுக்காரர்கள் மேல்படியில் குனிந்து நின்று, "என்னம்மா, சுவர் என்ன சொல்லுது?" என்று கேட்பார்கள். டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர் சொல்வார்: "பீரையும் உருளைக்கிழங்கையும் ஒண்ணா அடைச்சு வெச்சிருக்கீங்கன்னு சொல்லுது. கிழங்கு மொளைச்சிருக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க."

ஒடெத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. தொழில் கோழி. பிரசெல்ஸுக்குப் பக்கத்து லென்னிக் சந்தையில், தேவாலயத்துச் சுவரை ஒட்டி நிற்கும் மஞ்சள் வண்டி அவருடையது. கண்ணாடிக்குப் பின்னால் கம்பியில் வரிசையாகச் சுழலும் கோழிகளையும், கொழுப்புச் சொட்டும் தட்டில் வெந்துகொண்டிருக்கும் உருளைக்கிழங்கையும் வாங்க, ஞாயிறு பூசை முடிந்த கையோடு கூட்டம் வரும். கோழி வாசனை அவருடைய கம்பளிச் சட்டையில், தலைமுடியில், காரின் இருக்கையில் எல்லாம் ஏறியிருக்கிறது. இவரைத்தான் எங்கள் வட்டாரம் முழுவதும் பழைய பீருக்கு மூக்காக வைத்திருக்கிறது.

மதுக்கடையில் ரெமி இதைச் சொல்லிச் சீண்டாத நாள் இல்லை. ரெமி கூரை வேய்கிறவர், ஒடெத்தின் பள்ளித் தோழர். "கோழிக் கொழுப்புல ஊறின மூக்கு. இதைப் போய் ஊரே நம்புது பாரு."

"உன்னையே உன் பொண்டாட்டி முப்பது வருஷமா நம்பிட்டிருக்கா ரெமி. நம்புறதுக்கு என்ன, யாரை வேணா நம்பலாம்."

இந்த வித்தையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சந்தையில் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து எங்கள் பக்கத்துப் புளிப்பு பீரில் எது வாங்கினாலும் இரண்டாக வாங்குவது அவர் வழக்கம். "ஒண்ணு இன்னிக்குக் குடிக்க. இன்னொண்ணு மறந்துபோறதுக்கு" என்பார். மறந்ததை ஒரு நாள் தேடி எடுத்துத் திறந்து, அன்றைக்குக் குடித்தது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்ப்பார். இப்படியே பல வருடம். எதன் ருசி எப்போது மேலேறுகிறது, எங்கே போய் நிற்கிறது, எப்போது சரியத் தொடங்குகிறது என்பதெல்லாம் அப்படிச் சேர்ந்த அறிவுதான். ருசியை வர்ணிக்கச் சொன்னால் மட்டும் எரிச்சல் வரும். "வாயால சொல்ல முடிஞ்சா வாயில எதுக்கு ஊத்தணும்?"

எங்கள் பக்கத்தில் ஒரு வீடு காலியானால் கடைசியாகக் காலியாவது நிலவறை. யாராவது இறந்திருப்பார்கள், அல்லது படியேற முடியாமல் அடுக்குமாடிக்குப் போயிருப்பார்கள். மூலையில் தூசி படிந்து பாட்டில்கள் படுத்திருக்கும். முன்பெல்லாம் அவற்றைச் சவ வீட்டு விருந்திலேயே குடித்துத் தீர்த்துவிடுவார்கள். இப்போது பிரசெல்ஸிலிருந்தும் கடல்தாண்டியும் ஆட்கள் வருகிறார்கள். கடையில் எட்டு யூரோவுக்குக் கிடைக்கும் பீர், இருபது வருடம் படுத்துக் கிடந்தால் இருநூற்றைம்பது என்கிறார்கள். அதைக் கேட்டதும் வாரிசுகளுக்கு முதலில் சிரிப்பு வரும். அப்புறம் தூக்கம் வராது. மறுநாள் ஒடெத்துக்குப் போன் போகும்.

அவர் வருவதற்கு ஒரே நிபந்தனை: ஒரு பாட்டிலைத் திறந்தாக வேண்டும். எல்லோரும் இங்கேதான் முரண்டு பிடிப்பார்கள். திறந்தால் அந்தப் பாட்டிலின் விலை போயிற்றே! ஒடெத் அசைய மாட்டார். "மூடியிருந்தா அதுக்கு விலைதான் இருக்கு. ருசி இருக்கான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, வாங்குறவனுக்கும் தெரியாது. மூணு பேரும் கண்ணைக் கட்டிக்கிட்டு எதுக்கு வியாபாரம் பண்றது?" திறந்து ஒரு வாய் குடித்தபின் அவர் சொல்லும் தீர்ப்பு மூன்றில் ஒன்றாக இருக்கும். குடி. வித்துடு. குழம்புல ஊத்து.

கறிக்கடை லூசியனிடம் பெரிய பேர் போன பீர் ஒரு பெட்டி இருந்தது. வியாபாரி விலை பேசி முடித்தும் விட்டார். ஒடெத் ஒரு வாய் குடித்துவிட்டு, "குழம்புல ஊத்து" என்றார். லூசியன் கெஞ்சினார்: "வாங்குறவன் இதைக் குடிக்கவா போறான்? அலமாரியில வெச்சு அழகு பாக்கப் போறான். செத்திருந்தா அவனுக்கு என்ன?" அதற்கு ஒடெத், "பொணத்தை விக்கிறதுன்னா சவப்பெட்டின்னு எழுதி வில்லு" என்றார். லூசியன் கடைசியில் மாட்டிறைச்சிக் குழம்புதான் வைத்தார். நல்ல குழம்பு என்று தெருவில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், லூசியனைத் தவிர. வியாபாரிகளுக்கு ஒடெத்தைப் பிடிக்காது. ஒருவர் சந்தைக்கே வந்து, விற்பனையில் பங்கு தருவதாகக் காதோடு சொல்லிப் பார்த்தார். ஒடெத் அவருக்கு ஒரு கோழியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "நான் காசு வாங்குறது இதுக்கு மட்டும்தான். பதினோரு யூரோ."

குறைகளும் உண்டு. யாராவது வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு பக்கத்தில் நின்றால், மேயராக இருந்தாலும் கழுவிவிட்டு வரச் சொல்வார். பிறர் பேச்சை முடிக்க விடமாட்டார். பாட்டிலைக் குலுக்குகிறவரைக் கண்டால், குழந்தையைக் கீழே போட்டவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

இந்த வருடத் தொடக்கத்தில் என் பக்கத்து வீட்டு இர்மா அவரைக் கூப்பிட்டார். இர்மாவின் கணவர் ஸ்டாஃப் குளிர்காலத்தில் இறந்திருந்தார். லாரி ஓட்டியவர், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர், ஒரே ஒரு தடவை தவிர. இருபது வருடத்துக்கு முன் சமையலறைத் தரைக்குப் புது ஓடு பதிக்க இருவரும் பணம் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் ஸ்டாஃபுக்குப் பிடித்த பீர்க்காரர், தன் தொழிலின் ஐம்பதாம் ஆண்டுக்காக ஒரு விசேஷக் கலவை போட்டார். வழக்கமான விலையைப் போல மூன்று மடங்கு. ஸ்டாஃப் தரைப் பணம் முழுவதையும் கொடுத்து வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "காத்திரு, இர்மா. காத்திருந்தா தெரியும்" என்றாராம். இர்மா காத்திருந்தார். தரை உடைந்துகொண்டே வந்தது. ஸ்டாஃபோ, 'இன்னும் கொஞ்சம் போகட்டும்' என்று ஒன்றைக்கூடத் திறக்காமலே போய்ச் சேர்ந்தார்.

ஒடெத் வந்து பார்த்தபோது பாட்டில்கள் நிலவறையில் இல்லை. சமையலறை மேடையில் பளபளவென்று, பரிசுக் கோப்பைகளைப் போல நிமிர்ந்து நின்றன. இர்மாவின் மகன் ஜோரிஸ், விற்பனைக்குப் படம் எடுப்பதற்காக எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்.

எங்கள் ஊர்ப் பழைய பாட்டில்களுக்கு லேபிள் கிடையாது. உடம்பில் வெள்ளைச் சாயத்தால் இழுத்த ஒரு கோடுதான் உண்டு. யாருடைய பீர் என்பதைக் கோட்டின் வடிவம் சொல்லும். படுக்க வைக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும், அடியில் படிந்த மண்டி கலையாமல் இருக்க. ஜோரிஸ் தேய்த்த தேய்ப்பில் ஒரு கோடும் மிஞ்சவில்லை.

"குளிப்பாட்டிட்டியாடா?" என்றார் ஒடெத்.

"அழுக்கா இருந்துச்சுக்கா."

"பவுடர் போடலையா? தலை வாரலையா?"

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. கோடு இல்லாம வியாபாரி நம்ப மாட்டேங்கறான். இது எவன் பீருன்னு எப்படித் தெரியும்னு கேக்கறான்."

"தக்கையில பேரு சுட்டிருக்கும். தக்கைய எடுத்தாத் தெரியும்."

"எடுத்தா பாட்டில் போச்சே!"

"போகட்டும்டா" என்றார் இர்மா. மேசையருகே நின்றுகொண்டே பேசினார். "தக்கைய நீ பாத்துக்க, படம் எடுத்துக்க. எனக்கு உள்ள இருக்கறது என்னன்னு தெரியணும். இருபது வருஷமா இந்த ஓட்டைத் தரையில தடுக்கித் தடுக்கி நடந்திருக்கேன். அந்த மனுஷன் எதுக்காக என்னை நடக்க வெச்சான்னு தெரிஞ்சுக்காம ஒண்ணையும் விக்க விடமாட்டேன். ஒடெத், நீ வாய் வெச்சுப் பாத்துட்டு என்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஸ்டாஃப் முட்டாளா, இல்லையா?"

ஒடெத் அன்றைக்குத் திறக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து, கண்ணாடியின் உட்புறம் ஒட்டியிருந்த மண்டியின் தழும்பைக் கொண்டு எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று கண்டுபிடித்து, ஜோரிஸையே சுமக்க வைத்துத் திரும்பப் படுக்கப் போட்டார். "கலங்கிக் கிடக்கு. தெளியட்டும். ஈஸ்டர் கழிஞ்சு வரேன். அதுவரைக்கும் யாராவது தொட்டீங்க, எனக்குத் தெரிஞ்சுடும்."

ஈஸ்டர் கழிந்து ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வந்தார். டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சின்னப் பாட்டில்களில் ஒன்றை, படுத்த வாக்கிலேயே கூடையில் ஏந்திக்கொண்டு மேலே வந்தார். சமையலறை மேசை ஆடியது. அட்டையை மடித்துக் காலுக்குக் கீழே கொடுத்தார். தன் பையிலிருந்து அதே பீர்க்காரருடைய இந்த வருடத்துப் பாட்டில் ஒன்றையும் எடுத்து வைத்தார். கடையில் எட்டு யூரோவுக்கு வாங்கியது. "பழசைத் தனியாக் குடிச்சா பழசுங்கற மயக்கத்துலயே நல்லா இருக்கும். இது பக்கத்துல நிக்கட்டும்."

தக்கை முனகிக்கொண்டு வந்தது. ஜோரிஸ் அதைப் பிடுங்கிப் பார்த்தார். பேரும் வருடமும் தெளிவாக இருந்தன. மூச்சு விட்டார், படம் எடுத்தார், அத்தோடு அவர் வேலை முடிந்தது. ஒடெத் சாய்வாக, அவசரமில்லாமல், தனக்கு ஒரு பெரிய கிளாஸ் நிறையவும் இர்மாவுக்கு ஒரு வாயளவும் ஊற்றினார். பழைய வெண்கலத்தின் நிறம். நுரை மெல்லிசாக எழுந்து, போகாமல் நின்றது. புதுசில் ஒரு வாய், பழசில் ஒரு வாய். திரும்பவும் புதுசு. பிறகு பழசை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இர்மா பொறுக்க முடியாமல் தன் பங்கைக் குடித்தார். முகம் சுருங்கியது. "புளிக்குது! இதுக்கா என் தரை?"

"புளிக்கத்தான் செய்யும். அது புளிப்பு பீரும்மா."

"நல்லா இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"எட்டு யூரோ பாட்டிலைவிட?"

"நல்லா இருக்கு."

"எவ்வளவு நல்லா? முப்பது மடங்கா?"

ஜோரிஸ் கண்ணால் ஜாடை காட்டினார். 'ஆமான்னு சொல்லிடுங்க அக்கா, கெழவி சந்தோஷப்படட்டும்.' ஒடெத் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"முப்பது மடங்கு நல்லா இருக்கற பீர் உலகத்துல எங்கயும் கெடையாது இர்மாம்மா. அப்படிச் சொன்னா நான் பொய் சொல்றேன். புதுசுல ஒரு ஆளு கத்திப் பேசற மாதிரி இருக்கு. அதே ஆளு இதுல மெதுவாப் பேசறான். அவ்வளவுதான் வித்தியாசம். கொஞ்சம்தான். ஆனா அந்தக் கொஞ்சம் வேணும்னா கடையில கெடைக்காது. காசைக் கொட்டினாலும் பண்ணித் தர முடியாது. யாராவது ஒருத்தன் வாங்கிப் போட்டுட்டு, கையை வெக்காம, இருபது வருஷம் சும்மா இருந்திருக்கணும். வியாபாரி விக்கிறது அந்தச் சும்மா இருந்ததைத்தான்."

"சும்மா இருந்தது அவன். நடந்தது நானு" என்றார் இர்மா.

"ஆமா. அதுவும் அந்த விலையில சேர்த்திதான்."

இர்மா கிளாஸை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டார். இந்தத் தடவை முகம் சுருங்கவில்லை. பிறகு நாற்காலியை இழுத்தார். அதன் கால் உடைந்த ஓட்டில் மாட்டிக் கிறீச்சிட்டது. இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, மீதியெல்லாம் என்ன பண்றது? வியாபாரி காத்துட்டிருக்கான்" என்றார் ஜோரிஸ்.

"இருடா. தரைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு வில்லு. அதுக்கு மேல ஒண்ணும் போகக்கூடாது." பிறகு ஒடெத்தின் பக்கம் திரும்பினார். "நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல. முட்டாளா, இல்லையா?"

ஒடெத் கூடையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். கழுத்துவரை மண்டி வந்துவிட்டது, இனி அதில் ஊற்ற ஒன்றுமில்லை. தன் கிளாஸை எடுத்தார். இரண்டு வாய்தான் குறைந்திருந்தது. அதை இர்மாவின் கிளாஸ் விளிம்பில் சாய்த்து, நூல் இழுப்பதுபோல் மெல்ல ஊற்றினார். அடியில் கலங்கல் நகரத் தொடங்கியதும் நிறுத்தினார். தெளிந்ததெல்லாம் அந்தப் பக்கம் போயிற்று. "குடி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த விரற்கடைக் கலங்கலை அவரே குடித்தார்.