ஐந்தருவியில் ஒரே சார்ஜர்

ஐந்தருவி ரோட்டோரம், குளிக்கப் போகிறவர்களின் போனை வாங்கிச் சார்ஜ் போட்டுத் தரும் கடை. குளித்துவிட்டு வந்து கேட்கிறேன். கடைக்காரர் இரண்டு கறுப்பு போன்களைப் பார்த்து விழிக்கிறார்.

"என்ன அண்ணாச்சி, மாத்திட்டியளா?"

"முன்னெல்லாம் தடிச்ச பின்னு, ஒல்லிப் பின்னுன்னு வயரை வச்சே ஆளக் கண்டுபிடிப்பேன். இப்ப கவர்மெண்டுல எல்லாத்துக்கும் ஒரே பின்னுன்னு ஆக்கிட்டாவ. எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வந்தா நீங்களும் ஒரே மாதிரிதாம்லே இருக்கிய."

"இடது பக்கம் இருக்கது என்னுது. லாக் நம்பர் போட்டுக் காட்டட்டா?"

"நம்பரை எவனாச்சும் எட்டிப் பாத்திருப்பான். விரலை வை."

வைக்கிறேன். திறக்கவில்லை. அருவித் தண்ணீரில் விரல் சுருங்கிப் போயிருக்கிறது.

"சத்தியமா நான்தான் அண்ணாச்சி."

"அத விரல் சொல்லட்டும்லே. அங்கன வெயில்ல காய வையி."

ரோட்டோரம் நின்று விரலை நீட்டுகிறேன். அடுத்த போன்காரரும் சொட்டச் சொட்ட வந்து பக்கத்தில் நின்று நீட்டுகிறார்.

எங்களைப் பார்த்து ஒரு ஆட்டோ நிற்கிறது.