பாவாற்றியின் மறுபிடி

பாவாற்றியை ஒற்றை ஆளாகப் பிடிக்க முடியாது. அந்தப் பெரிய கஞ்சித் தூரிகைக்கு இரண்டு முனையிலும் பிடி உண்டு. தறியில் ஏற்றுமுன் நெடுக நீட்டிக் கட்டிய நூலுக்கு, அதாவது பாவுக்கு, இப்பக்கம் ஒருவர், அப்பக்கம் ஒருவர் நின்று, ஒரே நடையாக இழுத்துப் போக வேண்டும். போன சித்திரையில் ஒரு காலை, ஜலகண்டாபுரத்தில் பாவு நீட்டும் திடலான எங்கள் பாவடியில், மேலத்தெருக்காரர் ஒரு பிடியும் கீழத்தெருக்காரர் மறு பிடியுமாக நடந்ததைப் பார்த்தேன். மாரியம்மன் பண்டிகையில் முதல் மரியாதை யாருக்கு என்று மூன்று வருஷமாக முகம் பார்க்காதவர்கள், சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். பேச்சு முழுக்க என் சின்ன மாமாவைப் பற்றி. முந்தின நாள்தான் அவரைத் தள்ளிவைத்திருந்தார்கள். அங்கேயே எனக்குச் சுரீரென்று உறைத்தது: இந்தத் தெரு ஒன்றாக நிற்க ஒரு குற்றவாளி தேவைப்பட்டிருக்கிறான்!

மாமா செய்தது இதுதான். யுத்தத்தால் நூல் கிடைக்காத காலம். முதலாளி கொடுத்த நூலில் கொஞ்சத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சேலைக்குக் கஞ்சியைக் கெட்டியாக ஏற்றி எடையைச் சரிக்கட்டிவிட்டார். முதலாளி சேலையைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் காயவைத்து நிறுத்தார், குட்டு வெளிப்பட்டது. "கஞ்சி கூட்டாத ஊடு இங்க எதுங்க?" என்று மாமா கூட்டத்தில் கேட்டார். ஆனாலும் ஆடிவரைக்கும் யாரும் அவர் பாவுக்குக் கை கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று.

கல்லூரி வாசகசாலையில் சமூக சாஸ்திரம் புரட்டியவன் நான். சும்மா இருக்க முடியுமா? கூட்டத்துக்குத் தலைவரான பெரியதனக்காரரிடம் ஓடினேன். குற்றமே இல்லாத சமூகம் கிடையாது, தண்டனை குற்றவாளியைத் திருத்துவதைவிட மற்றவர்களை ஒன்று சேர்க்கிறது, எல்லை எங்கே என்று எல்லாருக்கும் காட்டுகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடியே கேட்டார். "அட, படிச்ச புள்ளை சரியாத்தானுங்க சொல்லுது" என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தண்டனை நியாயமானது என்றா நான் சொன்னேன்? எப்படி வேலை செய்கிறது என்றல்லவா சொன்னேன்! அந்த வித்தியாசத்தை அவருக்கு விளக்க அப்போது தோன்றவே இல்லை.

புரட்டாசி விடுமுறைக்கு நேற்று வந்தபோது மாமா வீட்டில் தறி ஓசை இல்லை. ஆடியில் கூடிய கூட்டம் தண்டனையைத் தை வரைக்கும் நீட்டியிருந்தது. "இவனை உள்ளே விட்டா ரெண்டு தெருவும் மறுபடி பிரிஞ்சிருமுங்க. நம்ம படிச்ச தம்பியே சொல்லிருக்குது" என்றாராம் பெரியதனக்காரர். நாயாய் அலைந்து வெளியூர் முதலாளி ஒருவரிடம் மாமா ஒரு பாவுக்கு நூல் வாங்கி வந்திருக்கிறார். அத்தை மறுபிடியைப் பிடித்துப் பார்த்தாள். முட்டி வீக்கத்தோடு இருபது எட்டுக்கூட வைக்க முடியவில்லை. கஞ்சி திட்டுத்திட்டாய்க் காய்ந்து இழை அறுந்தது. இந்த வாரத்துக்குள் கஞ்சி போடாவிட்டால் நூலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்புறம் தறியை விற்பதுதான்.

மாமா என்னைத் திட்டவில்லை. "வா மாப்ளே. பெரியதனக்காரரு ஆடி வரைக்கும்தான் போட்டாரு, உம் படிப்புதான் தை வரைக்கும் போட்டுச்சு" என்று சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை, சொம்பில் மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சமூக சாஸ்திரப் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். தெருவுக்கு என்ன லாபம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. தள்ளிவைக்கப்பட்டவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று ஒரு வரி இல்லை. எல்லாரும் செய்கிற காரியத்துக்கு ஏன் இவர் ஒருவர் மட்டும் அகப்பட்டார் என்பதும் இல்லை. ஒருவன் கூட்டத்தை மீறி நடுவில் நுழைந்தால் தெரு உடையுமா, அல்லது வேறு மாதிரி சேருமா? அதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் வீட்டுப் பாவுக்குக் கஞ்சி போடுவது வெள்ளிக்கிழமை. நான் மாமாவோடு நின்றால் அதற்கும் ஒருவரும் வரமாட்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். "கஞ்சி நம்ம ஊட்லயுந்தான் கூட்டினோம்" என்றார்.

நாளைக் காலை வெயில் ஏறுமுன், இரண்டு தெருவும் பார்க்க, பாவாற்றியின் மறுபிடியை நான் பிடிக்கப்போகிறேன். மாமாவின் நடைக்கு என் நடை ஒத்துப்போக வேண்டும். எனக்கு எப்போதும் கால் முந்திக்கொள்ளும்.