‘போங்க’ என்றால் கண் மூடாது

அடுத்தவரின் படபடப்பை அடக்குவதுதான் என் தொழில். என் படபடப்பை அடக்கத்தான் இதுவரை ஒரு ஆளும் அகப்படவில்லை. போனைக் காதில் மாட்டிக்கொண்டு, “மூச்சை மெல்ல உள்ளே இழுங்கள்” என்று யாரோ சொல்ல, இழுத்த மூச்சை விடுவதா வேண்டாமா என்று பதறிக் கிடக்கிற என் இனத்தாரே, அந்த யாரோ நான்தான். கொழும்புக் கொம்பனி ஒன்றின் சுய ஹிப்னோசிஸ் செயலிக்குத் தமிழ்க் குரல். மட்டக்களப்புச் செங்கலடியில், கலியாண வீடியோ எடுக்கிற என் மனிசனின் ஸ்டூடியோப் பின்னறையில், சுவரெல்லாம் பழைய மெத்தையை அடித்துவைத்துப் பதிவு செய்கிறோம்.

போன வருசம் என் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைரொயிட். வெட்டி எடுக்கவேண்டும், குரல் நரம்பு அதை ஒட்டித்தான் போகிறது என்றார் டொக்டர். குரல் மாறாதுதானே என்று கேட்டேன். “கவனமாத்தான் செய்வம். ஆனா நான் உங்களிட்டக் கையெழுத்து வாங்குவன், குடுக்கிறதில்ல” என்றார். ஒப்பரேசனுக்கு மூன்று மாதம் தவணை. அந்த மூன்று மாதமும் ஒரு கை கழுத்திலேயேதான் கிடந்தது.

பாயோடு ஒட்டினவர்

கொம்பனி அனுப்பிய எழுத்தில் ஹிப்னோசிஸுக்கு ‘சுயவசியம்’ என்று போட்டிருந்தது. மட்டக்களப்புக்கு வந்தவனை நாம் வசியம் பண்ணிப் பாயோடு ஒட்டவைத்துவிடுவோம் என்று ஊருலகமே நம்மைக் கேலி பண்ணுகிறது. இங்கே இருந்துகொண்டு நான் அந்தச் சொல்லை வாயில் எடுக்கலாமா? எடுத்தேன்.

வெல்லாவெளியில் வயல் செய்கிற ஐயா ஒருவர். அவருடைய மகளின் கலியாணத்துக்கு நாங்கள்தான் வீடியோ. இடுப்பில் நாரி வலிக்கு நல்லதென்று மகள் போட்டுக் கொடுக்க, பாயில் படுத்துக் கேட்டிருக்கிறார். “கால்கள் பாரமாகின்றன, தூக்க நினைத்தாலும் முடியாது” என்ற இடத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறார். வரவில்லை. அந்த நேரம் பார்த்துப் போனில் சார்ஜ் இறங்கி நான் நின்றுபோனேன். “இனிக் கால்கள் இலேசாகின்றன” என்று சொல்ல ஆளில்லை. சார்ஜ் ஏறியதும் முதல் அழைப்பு எனக்குத்தான். “ஐயா, எழும்பிட்டீங்களா?” என்று கேட்டேன், நானே எழும்பி நின்றுகொண்டு.

“எழும்பித்தன் புள்ள. ஆனா வெளியூரானுக்குச் செய்யிறத நம்மட ஆக்களுக்கே செய்யிறயே, இது ஞாயமா?”

அலைச் சத்தம்

பின்னணிக்குக் கொம்பனி தந்தது கடல் அலைச் சத்தம். கல்லடியில் என் பள்ளிக்கூடச் சிநேகிதிக்கு நித்திரையே இல்லை என்று கேள்விப்பட்டு, ஒரு பின்னேரம் நானே போய் அவள் காதில் மாட்டிவிட்டேன். ஒரு நிமிசம் ஆகவில்லை, எழும்பிப் போய் முன்கதவைத் திறந்து தெருவைப் பார்த்தபடி நின்றாள். சுனாமியில் கடல் வந்த அன்று தாயின் கை அவள் கையிலிருந்து நழுவிப் போனது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் மாட்டிவிட்டேனே, நானெல்லாம் என்ன பிறவி! அழுகை வந்துவிட்டது எனக்கு. அவள் அழவில்லை.

“உன்ட குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னைக் கண்ணை மூடச் சொல்லிப்போட்டு, நீ கடலைக் கூப்பிடுறாய்.”

போங்க, போங்க

அடுத்த நாளே மனிசன் மைக்கைத் தூக்கிக்கொண்டு போய், வாய்க்காலிலிருந்து வயல் வட்டைக்குள் தண்ணீர் பாய்கிற சத்தத்தைப் பிடித்துவந்தார். எல்லாம் சரி என்று இருந்தபோது, ஓட்டமாவடியில் புடவைக்கடை வைத்திருக்கிற, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் ஒருவர் பஸ் ஏறி நேரே ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார். அவருக்குப் பிரசர். நான் பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணி, “ஆழத்துக்குப் போங்கள்… இன்னும் போங்கள்…” என்று இறக்குவேன். ஐந்து என்றதும் அவருக்குக் கண் பட்டென்று திறந்துவிடுமாம்.

“தங்கச்சி, சந்திக்குப் போற மனிசனே ‘போறன்’ எண்டு சொல்றல்ல, ‘போயித்து வாறன்’ எண்டுதான் சொல்ற. நீங்க கண்ணையும் மூட வெச்சுப்போட்டு போங்க, போங்க எண்டா, வாப்பாவும் உம்மாவும் போன இடத்துக்கா போற?”

மேசையில்

வாசற்படியில் ஒருநாளும் சொல்லாத சொல்லை ஊருக்கெல்லாம் வாசித்திருக்கிறேன். அத்தனை பதிவையும் திருப்பிச் செய்தோம். ‘போங்கள்’ வந்த இடமெல்லாம், “போயித்து வாங்க, நான் இஞ்சதான் நிக்கிறன்.” இந்தக் குரலில் இதுதான் கடைசியோ என்று ஒவ்வொரு ‘வாங்க’வையும் இரண்டு தடவை சொன்னேன். மனிசன் திரும்பத் திரும்பப் பதிவு பண்ணினார்.

ஒப்பரேசன் அன்று காலை என் பதிவை நானே காதில் மாட்டிப் பார்த்தேன். ஒரு பிரயோசனமும் இல்லை. இந்த இடத்தில் மூச்சு வாங்கியிருக்கிறேன், இந்த இடத்தில் வெளியே ஓட்டோ போகிறது என்று பிழைதான் கேட்டது. மேசையில் கிடத்தினார்கள். மயக்க மருந்து டொக்டர் சிங்களவர், நல்ல மனிதர், பழகிய தமிழில், “அம்மா, பயம் வேணாம், நித்திரை போங்க, போங்க” என்றார். போங்களாம்! என் கண் இன்னும் பெரிதாகத் திறந்தது. இதயத் துடிப்பு மெஷின் கத்தத் தொடங்கியது. அப்போது மாஸ்க் போட்ட தாதி ஒருத்தி குனிந்து என் கையைப் பிடித்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

“அக்கா, நான் நித்திரைக்குப் போனில் கேட்கிறது ஒண்டு சொல்றன், கேளுங்க. போயித்து வாங்க, நான் இஞ்சதான் நிக்கிறன்.”

வந்த குரல்

கண் விழித்ததும் மனிசன் நின்றார். “வந்திட்டன்” என்றேன், தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரிச் சத்தம் வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குரல் மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, முக்கால்வாசிதான் திரும்பியது. பழைய இனிமை இல்லை, ஓரத்தில் ஒரு கரகரப்பு. பயந்து பயந்து ஒரேயொரு பதிவு செய்து, கொம்பனிக்கு அனுப்ப முன்னம் ஓட்டமாவடி நானாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. சரி, தொழில் போயிற்று என்று நினைத்தபோது அவரே எடுத்தார்.

“தங்கச்சி, ஒண்டு வரைக்கும் கண் திறக்கல்ல. முந்தி ஆரோ வழி சொல்ற மாதிரி இருந்திச்சு. இப்பதான் போயித்து வந்த ஆள் சொல்ற மாதிரி இரிக்கி.”

ஆக, என் இனத்தாரே, ஊரையெல்லாம் போயித்து வரச்சொல்லி அனுப்புகிற இந்தத் தொழிலில், கழுத்தைத் தடவிக்கொண்டு, கண் மூடாமல் இன்னும் வாசலிலேயே நிற்கிற ஒரே ஆள் நான்தான்.